முதல் தட்டு

ஜுருனாஸ் வட்டாரத்தில் டொர்வலினாவின் மனிசோபாவை உண்டவர்கள் இரண்டு வகையினர். அதற்குப் பிறகு வேறெந்த வீட்டிலும் அதைத் தொடாதவர்கள் ஒரு வகை. தொட்டுவிட்டு, அச்செய்தி டொர்வலினாவின் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டவர்கள் மற்றொரு வகை. மூன்றாவது வகை உண்டென்று பெலேம் நகரில் எவரும் கேள்விப்பட்டதில்லை.

அவளுடைய தம்பி வல்டீரின் மனைவி ஜுரேமா முதல் வகையைச் சேர்ந்தவள். நாத்தனாரைவிட ஓரிரு வயதே இளையவள். ஒரே கூரையின் கீழ் வாழ்பவள். அவளுக்குச் சமையல் வராது. அவள் ஆக்கிய சோற்றைக் கத்தியால் துண்டு போட்டுப் பரிமாறலாம் என்று வல்டீர் சொல்வான், அவளும் மறுத்ததில்லை. தையல்தான் அவள் தொழில். அக்டோபரில் நசரே மாதாவின் சீரியுத் திருவிழா நெருங்கும்போது, ஊர்வலத்தில் தேவதை வேடமிட்டு வரும் குழந்தைகளுக்கு வெண்பட்டு உடுப்பும் சிறகுகளும் தைத்துக் கொடுப்பாள். அதே வாரத்தில்தான் வீட்டுக் கொல்லையில், தகரக் கொட்டகையின் கீழ், மனிசோபாப் பானை அடுப்பேறும். அந்தப் பானையின் மூடியையும் கரண்டியையும் அன்றாடம் கழுவி வைப்பது ஜுரேமாவின் வேலை. அதை யாரும் அவளிடம் ஒப்படைக்கவில்லை; அவளாக எடுத்துக்கொண்டாள். மூடியின் உட்புறத்தில் படிந்திருக்கும் ஆவியை முகர்ந்து பார்ப்பதில் அவளுக்கொரு சுகம் இருந்தது. தனக்கு ஒருபோதும் கைவராத ஒன்றை நாள்தோறும் அருகிலிருந்து பார்க்கக் கிடைப்பதும் ஒரு பேறுதான் என்று அவள் எண்ணினாள்.

மனிசோபா என்பது மரவள்ளி இலையில் ஆக்கும் குழம்பு. சந்தையில் அரைத்து விற்கும் இலையை வாங்கி வந்து, தண்ணீரில் கரைத்து, ஒரு வாரம் அடுப்பைவிட்டு இறக்காமல் கொதிக்க வைக்கவேண்டும். பச்சையாக அதைத் தின்ற ஆடு பொழுது சாய்வதற்குள் கால் நீட்டிவிடும் என்பதை ஜுருனாஸ் குழந்தைகள் எழுத்துக் கற்பதற்கு முன்பே கற்றுவிடுவார்கள். நஞ்சு ஆவியாகி வெளியேற நாள் பிடிக்கும். அந்த நாள்களில் இலை தன் நிறத்தை ஒவ்வொன்றாகக் களைந்துகொண்டே வரும்: முதலில் அறுத்த புல்லின் பச்சை, பிறகு குளத்துப் பாசி, பிறகு பழுப்பு, கடைசியில் எண்ணெய் மின்னும் கருமை. இடையில் பன்றிக் கொழுப்பு சேரும். இறுதி நாள்களில், உப்பு நீங்க ஊறவைத்த உலர்ந்த மாட்டிறைச்சியும் பன்றியின் காதும் வாலும் தொத்திறைச்சியும் சேரும். பார்ப்பதற்கு அது அழகான பண்டமன்று. முதன்முறை காண்பவர் சேறு என்பார். நாவில் வைத்தால், இறைச்சி எங்கே முடிந்து இலை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. புகை, கொழுப்பு, மண் வாசம் மூன்றும் ஒன்றாகி, தொண்டையைத் தாண்டிய பிறகும் நெடுநேரம் அங்கேயே இருப்பது போலத் தோன்றும். டொர்வலினாவின் பானையில் அது எல்லாரையும்விட நெடுநேரம் இருந்தது.

அந்த வீட்டிற்கு ஒரு வழக்கம் உண்டு. இலையைக் கிண்டியவர் யாரோ அவர்தான் முதல் தட்டைச் சாப்பிடவேண்டும். அதுவும் எல்லார் முன்னிலையிலும், முழுத் தட்டையும். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை வேறெவரும் கரண்டியைத் தொடக்கூடாது. இதை யார் தொடங்கினார்கள் என்பது தெரியாது. ஆனால் அதை ஒரு பூசையைப் போல ஆக்கியவள் டொர்வலினா. சோறு வைத்து, அதன்மேல் மனிசோபாவை ஊற்றி, மரவள்ளி மாவைத் தூவி, ஒரு மிளகாயைக் கடித்துக்கொண்டு, அவள் நிதானமாக உண்பாள். கடைசிக் கவளத்திற்குப் பின் உதட்டைத் துடைத்துக்கொண்டு, "ம், வாங்க" என்பாள். அந்தச் சொல்லுக்காகவே பசியோடு காத்திருந்தவர்கள் உண்டு. பிறர் கிண்டிய மனிசோபாவை அவள் தன் வாழ்நாளில் ஒருமுறைகூட வாயில் வைத்ததில்லை என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததே.

இந்த ஆண்டு அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. வெரோபேசு சந்தையின் படித்துறையில், மீன் செதிலின்மேல் கால் வைத்து விழுந்தாள். விரல் நுனியிலிருந்து முழங்கைவரை மாவுக்கட்டு. மாலைதோறும் தெருமுனையில் தக்காக்கா விற்கும் அவளுடைய கடைக்குக் கட்டுப் பிரியும்வரை விடுமுறை விடப்பட்டது. சுரைக்குடுவையில் அந்தப் புளித்த மஞ்சள் சாற்றைச் சூடாகக் குடித்துவிட்டு வீடு திரும்பும் வழக்கமுடையவர்கள் மூடிய கடையைப் பார்த்து, உறவினர் வீட்டில் துக்கம் நேர்ந்ததைப் போல விசாரித்துவிட்டுப் போனார்கள். கடை மூடியது பெரிதன்று. மனிசோபாக் கரண்டி படகுத் துடுப்பளவு நீளமானது. அதை இரண்டு கைகளாலும் பிடித்து, அடியிலிருந்து புரட்டவேண்டும். இடக்கை மட்டும் போதாது.

யாரிடம் கரண்டியைக் கொடுப்பது என்பது ஒருநாள் முழுதும் பேசப்பட்டது. அடுத்த வீட்டு அடல்ஜிசாவுக்கு அந்த வேலை தெரியும் என்று வல்டீர் வாய் தவறிச் சொல்லிவிட்டான். அடல்ஜிசாவின் மனிசோபாவைத் துணி துவைத்த தண்ணீர் என்று டொர்வலினா தெருவறியச் சொல்லி ஆண்டுகள் பல ஆகின்றன. அவள் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள்; அவன் வாத்துக்கு இரை வைக்கப் போய்விட்டான். பிறகு அவள் ஜுரேமாவைக் கூப்பிட்டாள்.

"நீதான் கிண்டப் போற."

"எனக்கு என்னக்கா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதனாலதான் உங்கிட்ட குடுக்குறேன். தெரிஞ்சவளா இருந்தா சொந்த புத்தியக் காட்டுவா. நீ நான் சொல்றத மட்டும் செய்வ."

ஜுரேமா இதை இழிவாக எடுத்துக்கொள்ளவில்லை. தொழில் செய்பவர்கள் ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது அப்படித்தான் பேசுவார்கள்.

இந்த ஆண்டின் பானைக்கு மற்றொரு கனமும் இருந்தது. தெற்கே வேலை பார்க்கும் டொர்வலினாவின் மகன் டானிலு, தான் மணக்கவிருக்கும் பெண்ணையும் அவளுடைய தாய் ஹெல்காவையும் சீரியு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைத்து வருகிறான். அந்தத் தாய் தொலைபேசியில் அவனிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாள்: நஞ்சுள்ள இலை என்று சொல்கிறார்களே, அதையா சாப்பிடுகிறீர்கள்? டானிலு சிரித்துவிட்டு, அதைத் தன் தாயிடமும் சிரிப்பாகச் சொன்னான். டொர்வலினா சிரிக்கவில்லை. அன்று முதல் அவளுக்கு இருந்தது ஒரே விருப்பம். அதை அவள் மறைக்கவும் இல்லை.

"அந்தம்மா சாப்பிட்டா மட்டும் போதாது. தட்ட நீட்டி, இன்னும் கொஞ்சம்னு கேக்கணும்."

அடுப்பு மூட்டிய நாளிலிருந்து ஜுரேமா தன் தையல் இயந்திரத்தைக் கொட்டகைக்கே கொண்டுவந்துவிட்டாள். சிறகு ஒன்று தைப்பாள், எழுந்து கிண்டுவாள், மறு சிறகு தைப்பாள். டொர்வலினா பிரம்பு நாற்காலியில், மாவுக்கட்டுக் கையைத் தலையணைமேல் கிடத்திக்கொண்டு அமர்ந்திருப்பாள். அவளுடைய கட்டளைகள் சுருக்கமானவை: தண்ணீர், விறகு, கிண்டு, இப்போது வேண்டாம். இரவில் வல்டீர் அடுப்பைப் பார்த்துக்கொண்டான்.

கரண்டி கைக்கு வந்த பிறகே, தான் ஆண்டுக்கணக்காக வியந்து வந்தது இன்னதென்று ஜுரேமாவுக்கு விளங்கியது. டொர்வலினா பானைக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை. கொதிக்கும் ஓசையைக் கேட்டே, நீர் வற்றுவதைச் சொல்லிவிடுவாள். உலர்ந்த இறைச்சியின் ஓரத்தைக் கிள்ளி நாவில் வைத்து, இன்னும் ஒருமுறை தண்ணீர் மாற்றவேண்டும் என்பாள். மாற்றிய பின் அது சரியாகவே இருக்கும். கொழுப்பை எப்போது போடுவது என்று கேட்டதற்கு, இலை கேட்கும்போது என்றாள். ஜுரேமாவுக்கு அது வீம்புப் பேச்சாகத் தோன்றியது. ஆனால் ஒருநாள் நண்பகலில், அவ்வளவு நேரம் கரடுமுரடாகக் கிடந்த குழம்பு திடீரென ஒரு தளர்ச்சி காட்டியது. மணமும் கூர்மையிழந்து உள்ளடங்கியது. ஜுரேமா தலை நிமிர்ந்தபோது, டொர்வலினா கொழுப்பு வைத்திருந்த தட்டை ஏற்கெனவே இடக்கையில் ஏந்தியிருந்தாள்.  அன்று மாலை மூடியைக் கழுவும்போது ஜுரேமா வழக்கத்தைவிட நெடுநேரம் முகர்ந்தாள்.

வெள்ளிக்கிழமைக்குள் இலை கறுத்துவிட்டது. காது, வால், தொத்திறைச்சி எல்லாம் உள்ளே போய்விட்டன. நண்பகலுக்குப் பிறகு ஜுரேமா சிறகுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, கால்வாய்க்கு அப்பாலுள்ள வீடுகளில் கொடுத்து வரப் புறப்பட்டாள். பானையை டொர்வலினாவே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். இனிக் கொதிக்க விடுவதைத் தவிர வேலை ஏதுமில்லை. அன்றாட மழை பெய்து ஓய்ந்த பிறகுதான் ஜுரேமாவால் திரும்பி வர முடிந்தது.

கொல்லைக் கதவைத் திறந்ததும் அவள் நின்றுவிட்டாள்.

மணம் மாறியிருந்தது. கொழுப்பின் வாசத்திற்கும் புகையின் வாசத்திற்கும் அடியில், அறுத்த புல்லின் வாடை ஒன்று இருந்தது. அதற்கும் அடியில், மெல்லிய கசப்பு. அது முதல் நாள் மூடியின் மணம். அதை அவள் ஆண்டுதோறும் ஒரே ஒரு மாலையில்தான் கழுவுவாள். மறுநாள் அது இருப்பதில்லை. மழையில் நனைந்த தெருப் புல்லாக இருக்கலாம் என்று எண்ணி வெளியே சென்று முகர்ந்தாள். புல்லில் அந்தக் கசப்பு இல்லை. திரும்பி வந்து கரண்டியை அடிவரை இறக்கிப் புரட்டினாள். கருமையின் நடுவே பச்சை இழையொன்று மேலெழும்பிச் சுழன்று மறைந்தது.

"அக்கா, பானையில என்ன போட்டீங்க?"

"நீ பாத்துட்டுத்தான போன. காது, வாலு."

"அதுக்கப்புறம்?"

டொர்வலினா கண்ணை மூடியிருந்தாள், திறக்கவில்லை. "பானை வத்திப்போச்சு. வர்றவங்களுக்கு அடியச் சுரண்டியா வைக்கச் சொல்ற? ஐஸ்பெட்டியில கொதிச்ச இலை கெடந்துச்சு. எடுத்துப் போட்டேன்."

ஜுரேமா அடுக்களைக்குச் சென்றாள். டொர்வலினா ஆண்டுதோறும் சிறிது இலையை முழுவதும் கொதிக்க வைத்து, பையில் கட்டி, ஐஸ்பெட்டியில் உறையவைத்துப் பின்னொரு நாளைக்கென்று வைத்துக்கொள்வாள் என்பது உண்மை. அந்தப் பைகளின் வாயைப் பையின் காதுகளாலேயே முடிந்திருப்பாள். அவ்வாறு முடிந்த பை ஒன்று, உறைபனி மூடி, பெட்டியின் மூலையில் தொடப்படாமல் கிடந்தது. அதன் பக்கத்தில் இருந்த பைகளைக் காணவில்லை. இந்த ஆண்டு வல்டீர் அளவு தெரியாமல் இலை வாங்கி வந்திருந்தான். பானை கொள்ளாத பச்சை இலையை ஜுரேமாதான் பைகளில் அடைத்து அங்கே வைத்தாள். கைக்கு அகப்பட்டதைக்கொண்டு கட்டினாள். கைக்கு அகப்பட்டது சிறகு தைத்து மிஞ்சிய வெண்பட்டு நாடா. அந்த நாடா, கத்திரியால் வெட்டப்பட்டு, குப்பைக் கூடையில் பூண்டுத் தோலின்மேல் கிடந்தது.

அந்த வீட்டு ஐஸ்பெட்டியில் பச்சை இலை அதற்குமுன் இருந்ததே இல்லை. அங்கே இருக்கும் இலையெல்லாம் கொதித்த இலையே என்பது டொர்வலினா தனக்குத் தானே வகுத்த விதி. அந்த விதியை நம்பித்தான் அவள் தவறியிருந்தாள். உறைந்த பின் இரண்டும் ஒரே நிறம்.

ஜுரேமா நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் அடுக்களையிலேயே நின்றாள். ஞாயிறு நண்பகல்வரை பானை கொதிக்கும். ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆனால், ஒன்றும் ஆகாமலும் போகலாம் என்ற சொற்றொடரை அந்த இலையைப் பற்றி அவ்வூரில் எவரும் சொல்லி அவள் கேட்டதில்லை. அவள் வெளியே வந்து, நாடாவை டொர்வலினாவின் மடியில் வைத்தாள். பையில் இருந்தது என்ன, யார் வைத்தது, யார் சொல்லாமல் விட்டது என்பதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள்.

டொர்வலினா நாடாவைப் பார்த்தாள். "என் வீட்டு ஐஸ்பெட்டியில பச்ச இலைக்கு என்னடி வேல?"

"வச்சது நான். சொல்லாமப் போனதும் நான்தான்."

"கொதிக்கட்டும். நாளைக்கு முழுக்கக் கெடக்குது. வெறகு கூட வச்சா..." அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. பிறகு வேறொரு வாக்கியத்தைத் தொடங்கினாள். "ஞாயித்துக்கிழம நான் மொத தட்டு சாப்பிடுறேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா மத்தவங்களுக்கு வைப்போம்."

"மொத தட்டு உங்களுது இல்லக்கா. இந்த வருஷம் கரண்டி என் கையில." ஜுரேமாவின் குரல் உயரவில்லை. "அந்தத் தட்ட நான் சாப்பிட மாட்டேன்."

ஜுருனாஸில் அதற்குமுன் எவரும் டொர்வலினாவிடம் அவளுடைய பானையைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை.  சொல்லிவிட்டு ஜுரேமா கரண்டியை ஊன்றிக்கொண்டாள். இனி அந்த வீட்டில் தன் இடம் என்னவாகும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சமைக்கத் தெரியாதவன்னுதான் உன் கையில குடுத்தேன்," என்றாள் டொர்வலினா.

"தெரியாதுதான். மோந்து பாக்கத் தெரியும்."

 பிறகு டொர்வலினா இடக்கையை நீட்டினாள். ஜுரேமா கரண்டியில் கொஞ்சம் மொண்டு அவள் முகத்தருகே கொண்டுபோனாள். டொர்வலினா கண்ணை மூடி முகர்ந்தாள். ஊதிவிட்டு, மறுபடியும் முகர்ந்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். மகனும் அவன் அழைத்து வரும் தெற்கத்திப் பெண்ணும், தட்டை நீட்டவேண்டிய அந்தத் தாயும் அவள் கண்முன் வந்து போயிருக்கவேண்டும். வாய் திறந்தபோது அவள் அவர்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"தண்ணி ஊத்து," என்றாள்.

பானை மறுபடியும் முதல் நாளுக்குத் திரும்பியது என்பதே அதன் பொருள்.

மறுநாள் காலையில் அவள் செய்த காரியத்தை ஜுரேமா பிற்காலத்தில் பலமுறை எண்ணிப் பார்த்தாள். டொர்வலினா தலைவாரி, நல்ல உடுப்பு உடுத்தி, பெரிய தூக்குப் பாத்திரத்தை இடக்கையில் எடுத்துக்கொண்டு, ஜுரேமாவைக் கூட வரச் சொல்லி, அடல்ஜிசாவின் கொல்லைக்குள் நுழைந்தாள். வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு வந்தவளைக் கண்டதும் அடல்ஜிசா தன் பானையிலிருந்து கையை எடுத்தாள்.

"என்ன டொர்வலினா, காலங்காத்தால? தொவைச்ச தண்ணி ஏதாவது வேணுமா?"

"ஆமா. இது நெறைய வேணும்."

அடல்ஜிசா தூக்குப் பாத்திரத்தைப் பார்த்தாள். அதன் பிறகுதான் டொர்வலினாவின் முகத்தைப் பார்த்தாள். நடந்ததை டொர்வலினா தானே சொன்னாள். பச்சை இலையை எடுத்துப் போட்டது தன் கை என்றும், கண்டுபிடித்தது இவள் என்றும். அந்தப் பையை ஐஸ்பெட்டியில் வைத்தது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஜுரேமா குறுக்கிட வாயெடுத்தாள். மாவுக்கட்டுக் கை அவள் விலாவில் இடித்தது. அடல்ஜிசா சிலுவைக் குறியிட்டுக்கொண்டாள். அதன்பின் கேலி பேசவில்லை. தன் பானையில் பாதியை மொண்டு ஊற்றினாள். ஊற்றி முடிக்கும்வரைதான் அந்த அடக்கம் நீடித்தது.

"உன் தட்டுலயும் வச்சுக்குவியா?"

"எனக்குக் கை முறிஞ்சிருக்கு."

"வாய் முறியலையே."

ஞாயிற்றுக்கிழமை, ஊர்வலம் கடந்து, மாதாவின் தேரைக் கயிறு பிடித்து இழுத்தவர்கள் வெற்றுக்காலோடு வீடு திரும்பிய பிறகு, டொர்வலினாவின் வீட்டு மேசை நிறைந்தது. வல்டீரின் வாத்து மஞ்சள் நிறத் துக்குப்பிச் சாற்றில் மிதந்தது. அதிலிருந்த ஜம்புக் கீரை, உண்டவர்களின் உதட்டை மரக்கச் செய்தது. ஹெல்கா உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவள் உயரமான, அளந்து பேசும் பெண்மணி. வாத்தைச் சாப்பிட்டாள், இறாலும் செம்பனை எண்ணெயும் சேர்ந்த வத்தாப்பாவையும் சாப்பிட்டாள், மேசை நடுவிலிருந்த கரிய கிண்ணத்தை நோக்கி மட்டும் அவள் கை போகவில்லை.

கிண்ணத்தின் முன் அடல்ஜிசா உட்கார்ந்திருந்தாள். கிண்டியவர் முதல் தட்டைச் சாப்பிடவேண்டும் என்ற வழக்கம், பானை வேலி தாண்டி வந்ததால் மாறிவிடாது. அவள் சாப்பிடத் தொடங்குமுன் டொர்வலினா எழுந்து நின்றாள். இது தன் பானையன்று, அடல்ஜிசாவின் பானை என்றாள். தன் பானையில் என்ன நடந்தது, ஏன் அது இப்போது கொல்லையில் முதலிலிருந்து கொதிக்கிறது என்பதை விருந்தினர் முன்னிலையில் வரிசையாகச் சொன்னாள். டானிலு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சம்பந்தம் இத்தோடு முடிந்தது என்று அவன் கருதியது அவனுடைய குனிந்த தலையில் தெரிந்தது.

அடல்ஜிசா தன் தட்டை முழுவதுமாகச் சாப்பிட்டு, உதட்டைத் துடைத்து, டொர்வலினாவின் "ம், வாங்க" என்பதை அச்சு அசலாகச் சொன்னாள். யாரும் அசையவில்லை. முதலில் அசைந்தவள் ஹெல்கா, தட்டை நீட்டினாள்.

"உங்க பையன் போன்ல சிரிச்சப்போ எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு," என்றாள் டொர்வலினாவிடம். "இப்ப இல்லைங்க. சந்தேகம் வந்தா பானைய நிறுத்துற வீடுன்னு தெரிஞ்சுபோச்சே."

ஒரு கரண்டி உண்டாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள். முதன்முறை உண்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் எங்கேயாவது பார்ப்பார்கள். தட்டு காலியானதும் மறுபடியும் நீட்டி, இன்னும் கொஞ்சம் என்றாள். டொர்வலினா கேட்க விரும்பிய அதே சொற்கள், கேட்க விரும்பாத பானையை நோக்கிச் சொல்லப்பட்டன. அடல்ஜிசா பரிமாறினாள். டொர்வலினா வாத்தை மட்டும் சாப்பிட்டாள்.

விருந்தினர்கள் ஊர் திரும்பினார்கள். பானை கொதித்தது. திருவிழாவை முடித்துவைக்கும் மறு சீரியு, அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் கழிந்த திங்கட்கிழமையில் வரும். அதுவரை அதை இறக்கும் அவசியமில்லை. ஜுரேமாவுக்குத் தைக்கச் சிறகுகளும் இல்லை. அவள் நாள் முழுதும் கொட்டகையிலேயே இருந்தாள். டொர்வலினா முன்போலவே நாற்காலியில் இருந்தாள். ஆனால் கட்டளைகள் குறைந்தன. பச்சை வாடை அகன்ற நாளை ஜுரேமாதான் முதலில் சொன்னாள். டொர்வலினா தலையசைத்தாள். பழைய இறைச்சியெல்லாம் இலையோடு இலையாகக் கரைந்து உருத்தெரியாமல் போயிருந்தது. புதிதாகக் காதும் வாலும் வாங்கி வந்து போட்டார்கள். இரண்டு முறை இறைச்சி கண்ட அந்தக் குழம்பு, தார் போலக் கறுத்து, கரண்டியிலிருந்து விழ மனமில்லாமல் விழுந்தது. மூடியில் படிந்த ஆவியை முகர்ந்தபோது, இத்தனை ஆண்டுகளில் இப்படி ஒரு மணத்தைக் கழுவியதில்லை என்று ஜுரேமாவுக்குத் தோன்றியது. அதை யாரிடமும் சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை.

மறு சீரியுத் திங்களன்று வீட்டார் மட்டுமே மேசையைச் சுற்றி இருந்தார்கள். அவர்களோடு, அழைக்கப்படாமலே வந்த அடல்ஜிசா. ஜுரேமா தட்டில் சோறு வைத்தாள். சோறு டொர்வலினாவின் மேற்பார்வையில் ஆனதால் உதிரியாக இருந்தது. அதன்மேல் மனிசோபாவை ஊற்றினாள், மாவைத் தூவினாள், மிளகாயை ஓரத்தில் வைத்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கரண்டியை முகர்ந்தாளே தவிர, அவள் இன்னும் ஒரு துளிகூட நாவில் வைத்துப் பார்க்கவில்லை. முதல் தட்டுக்கு முன் சுவை பார்ப்பது வழக்கமன்று. அவள் தேக்கரண்டியை எடுத்தாள்.

டொர்வலினாவின் இடக்கை மேசையைத் தாண்டி வந்து தட்டை இழுத்துக்கொண்டது.

"அக்கா, மொத தட்டு..."

"எனக்குத் தெரியாதா? உக்காரு."

இடக்கையால் தடுமாறிக்கொண்டே அவள் முதல் கவளத்தை வாயிலிட்டாள். வல்டீர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.  டொர்வலினா அவசரப்படவில்லை. ஒவ்வொரு கவளத்தையும் மென்று, விழுங்கி, சற்று நிறுத்தி, அடுத்ததை எடுத்தாள். பிறர் கிண்டியதை அவள் உண்பதை அந்த மேசையில் இருந்த எவரும் அதற்குமுன் கண்டதில்லை. ஜுரேமா தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வாயைத் தவிர வேறெதையும் பார்க்காமல் இருந்தாள். தட்டில் மாவு ஒட்டிய சோற்றுப் பருக்கைகள் மட்டும் மிஞ்சின. டொர்வலினா அவற்றையும் கூட்டி எடுத்துச் சாப்பிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டாள். எல்லாரும் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள்.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றாள் டொர்வலினா.

காலித் தட்டை, இன்னும் கொஞ்சத்துக்காக, ஜுரேமாவிடம் நீட்டினாள்.